கிணற்று நீரும் நிபுணர் சாட்சியமும்: பாதுகாப்பு வழக்குகளில் நீதி தங்கியிருக்கும் இடம்

பாலம் இடிந்தாலும், படகு கவிழ்ந்தாலும், மண்மேடு சரிந்தாலும், தொழிற்சாலையில் தீப்பற்றினாலும் நமது நாட்டில் நடப்பவை ஏறத்தாழ ஒரே வரிசையில்தான் நடக்கின்றன. அனுதாபச் செய்திகள் வெளிவருகின்றன. அமைச்சர்கள் இடத்தைப் பார்வையிடுகின்றனர். விசாரணைக் குழுவொன்று நியமிக்கப்படுகின்றது. சில வாரங்களில் அக்குழுவின் பெயரும் மறக்கப்பட்டு விடுகின்றது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுள் ஒன்றிரண்டு மாத்திரமே சட்டத்தரணி ஒருவரைத் தேடிச் செல்கின்றன. அவ்வாறு சென்றவர்களிலும் பலர் வெறுங்கையுடன் திரும்புகின்றனர்.

இந்தத் தோல்விகளுக்கு நீதிமன்றங்களையோ சட்டங்களையோ குறைகூறுவது எமது வழக்கமாகிவிட்டது. சட்டத்தில் குறைபாடுகள் இல்லாமலில்லை. ஆயினும் பாதுகாப்புக் குறைபாட்டினால் எழும் வழக்குகளில் அநேகமானவை சட்டம் போதாமையால் தோற்பதில்லை. நிரூபணம் போதாமையாலேயே தோற்கின்றன. அந்த நிரூபணத்தைத் தரக்கூடியவர் சட்டத்தரணியும் அல்லர், பாதிக்கப்பட்டவரும் அல்லர். பொறியியலாளர், இரசாயனவியலாளர், மருத்துவர், நீரியலாளர், மண்ணியலாளர் போன்ற துறைசார் நிபுணர்களாலேயே அதைத் தர முடியும். நிபுணர் சாட்சியம் என்பது சட்டக்கல்லூரிப் பாடத்துக்குரிய விடயம் மட்டுமல்ல. கிணற்று நீரைக் குடிப்பவரும் கடலை நம்பி வாழ்பவரும் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புபவரும் அறிந்திருக்க வேண்டிய விடயம் என்பதே எமது கருத்தாகும்.

சாதாரண சாட்சியொருவர் தாம் கண்டதையும் கேட்டதையும் மாத்திரமே மன்றில் சொல்லலாம். தமது அபிப்பிராயத்தை அவர் கூற முற்பட்டால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி உடனடியாக எழுந்து ஆட்சேபிப்பார். இந்தப் பொதுவிதிக்குரிய முக்கியமான விதிவிலக்கே நிபுணர் சாட்சியமாகும். 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 45ஆவது பிரிவு, வெளிநாட்டுச் சட்டம், விஞ்ஞானம், கலை, கையெழுத்தின் அடையாளம் முதலான விடயங்களில் விசேட தேர்ச்சி பெற்றவர்களின் அபிப்பிராயத்தை நீதிமன்றம் கவனத்திற்கொள்ள இடமளிக்கின்றது. அந்த அபிப்பிராயத்துக்கு அடிப்படையான காரணங்களும் சான்றாக ஏற்கத்தக்கவை என 51ஆவது பிரிவு கூறுகின்றது. பின்னைய பிரிவே எம்மைப் பொறுத்தவரை கூடிய முக்கியத்துவம் வாய்ந்தது. ஒருவர் பேராசிரியர் என்பதற்காக அவரது முடிவை நீதிமன்றம் ஏற்க வேண்டியதில்லை. அவர் எவ்வாறு அந்த முடிவுக்கு வந்தார் என்பதே பரிசீலிக்கப்படுகின்றது.

இந்த மரபின் வேர் 1782ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தீர்க்கப்பட்ட ஒரு துறைமுக வழக்கில் உள்ளது. நோர்போக் கரையிலுள்ள வெல்ஸ் துறைமுகத்தில் மணல் நிரம்பியமைக்கு அருகில் கட்டப்பட்ட அணைதான் காரணமா என்பதே அங்கு எழுந்த வினா. அக்காலத்தின் புகழ்பெற்ற பொறியியலாளரான ஜோன் ஸ்மீட்டனின் கருத்து வெறும் அபிப்பிராயமே என நிராகரிக்கப்பட்டபோது, மான்ஸ்ஃபீல்ட் பிரபு அதைத் தவறெனக் கூறி, அத்துறையை அறிந்தவரின் காரண விளக்கத்தை மன்று கேட்க வேண்டுமெனத் தீர்த்தார். கட்டுமானம் ஒன்று தீங்கை விளைவித்ததா என்னும் கேள்வியிலேயே நிபுணர் சாட்சிய மரபு கால்கொண்டது என்பது கவனிக்கத்தக்கது. இன்றும் பாதுகாப்பு வழக்குகளின் மையத்தில் இருப்பது அதே கேள்விதான்.

நிபுணர் சாட்சிக் கூண்டில் ஏறும் நாளில்தான் அவரது பணி ஆரம்பமாகின்றது எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அவரது பணியில் பெரும்பகுதி வழக்குத் தாக்கல் செய்யப்படுவதற்கு முன்னரே முடிவடைந்திருக்க வேண்டும். சட்டத்தரணிக்கு அவர் உதவும் விதங்களை நாம் ஐந்தாக வகுத்து நோக்கலாம்.

முதலாவது, வழக்கு உண்டா இல்லையா என்று சொல்வது. துயரம் அனைத்தும் தவறினால் விளைவதில்லை. தவறு நிகழாத இடத்தில் வழக்குத் தொடுத்துப் பணத்தையும் காலத்தையும் இழக்காதிருக்க, நேர்மையான நிபுணரின் ஆரம்பக் கருத்துப் பேருதவியாகும்.

இரண்டாவது, எந்தச் சான்றைத் தேடுவது எனக் காட்டுவது. பராமரிப்புப் பதிவேடு, அனுமதிப்பத்திரம், பரிசோதனை அறிக்கை ஆகியவற்றில் எது முக்கியம் என்பதைத் துறை அறிந்தவரே அறிவார். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவலறியும் உரிமைச் சட்டம் அரச ஆவணங்களைக் கோருவதற்கு வழிதிறந்துள்ளது. ஆனால் எதைக் கேட்பதெனத் தெரியாதவருக்கு அந்த உரிமையால் பயன் சொற்பமே.

மூன்றாவது, அழியும் சான்றைக் காப்பது. நீர் மாதிரியை எந்தக் கலனில் எடுப்பது, எவ்வளவு நேரத்துக்குள் ஆய்வுகூடத்தில் சேர்ப்பது, கைமாறும் ஒவ்வொரு கட்டத்தையும் எவ்வாறு பதிவுசெய்வது என்பன சிறிய விடயங்களாகத் தோன்றலாம். இவற்றில் ஒன்று பிழைத்தாலும் குறுக்கு விசாரணையில் அறிக்கை முழுவதும் ஆட்டங்கண்டுவிடும்.

நான்காவது, எதிர்த்தரப்பு நிபுணரை எதிர்கொள்ளத் துணைநிற்பது. அவரது கணிப்பில் எந்த எடுகோள் பலவீனமானது, எந்தத் தரவு விடுபட்டுள்ளது என்பதைச் சட்டத்தரணி தாமாகக் கண்டறிவது கடினம்.

ஐந்தாவது, தீங்கின் அளவை மதிப்பிடுவது. எவ்வளவு இழப்பு என்பதைக் கணக்கிட்டுக் காட்டாத வழக்காளிக்கு, அவர் வென்றாலும், கிடைப்பது பெயரளவிலான தொகையாகவே இருக்கும்.

இவை யாவும் ஏட்டளவிலான விடயங்கள் அல்ல என்பதற்கு வடபுலத்தின் சுன்னாகம் வழக்கைவிடச் சிறந்த உதாரணம் இல்லை. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறுகள் இல்லை. சுண்ணாம்புக்கல் படையில் தேங்கும் மழைநீரே குடிநீருக்கும் தோட்டத்துக்கும் ஆதாரமாகும். வெடிப்புகளும் குகைகளும் நிறைந்த அக்கற்படையில் ஓரிடத்தில் கொட்டப்படும் எண்ணெய் எத்திசையில் எவ்வளவு தூரம் செல்லும் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சுன்னாகம் அனல்மின் நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்துள்ளதென மக்கள் முறையிட்டபோது அவர்கள் நாற்றத்தையும் நீரின் மேல் மிதந்த படலத்தையும் தவிர வேறெதையும் காட்ட இயலாதிருந்தனர்.

அந்த முறைப்பாட்டை வழக்காக மாற்றியது அளவீடுதான். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையினர் மேற்கொண்ட ஆய்வில், சோதிக்கப்பட்ட 150 கிணறுகளுள் 109 கிணறுகளில் எண்ணெய்யும் கிரீஸும் அனுமதிக்கப்பட்ட அளவைவிடக் கூடுதலாகக் காணப்பட்டன. மறுபுறத்தில், வடமாகாண சபை நியமித்த நிபுணர் குழுவின் முடிவுகள் அபாயம் பெரிதாக இல்லையென்ற தோற்றத்தை ஏற்படுத்தின. மக்கள் குழம்பினர். ஒரே நிலத்தடி நீரைப் பற்றி இரு நிபுணர் குழுக்கள் இருவேறு விதமாகக் கூற முடியுமா எனக் கேட்டனர்.

முடியும் என்பதே விடை. எப்போது மாதிரி எடுக்கப்பட்டது, மாரிக்கு முன்னரா பின்னரா, நிலையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில், கிணற்றின் மேற்பரப்பிலா ஆழத்திலா, எந்தெந்தச் சேர்மங்கள் தேடப்பட்டன என்பவற்றைப் பொறுத்து முடிவுகள் மாறும். ஒரு குறிப்பிட்ட நச்சுப்பொருள் காணப்படவில்லை என்ற கூற்றும், நீர் குடிப்பதற்கு உகந்தது என்ற கூற்றும் ஒன்றல்ல. முதலாவதை இரண்டாவதாக வாசிக்கும்போதே மக்கள் ஏமாற்றப்படுகின்றனர். நிபுணரின் அறிக்கையைப் பத்திரிகைத் தலைப்பாகச் சுருக்காமல், அதன் காரணங்களை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்க்கும் இடம் நீதிமன்றமேயாகும்.

சுற்றாடல் ஆர்வலர் ஒருவர் தாக்கல் செய்த அடிப்படை உரிமை மனுவில் உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரல் 4ஆம் திகதி தீர்ப்பளித்தது. நீதியரசர் பிரசன்ன ஜயவர்தன எழுதிய அத்தீர்ப்பு, மின் நிலையத்தை இயக்கிய கம்பனி 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமெனப் பணித்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு அதில் வலியுறுத்தப்பட்டது. கண்காணிக்கக் கடமைப்பட்ட மத்திய சுற்றாடல் அதிகாரசபை உள்ளிட்ட அரச தரப்பின் தவறும் சுட்டிக்காட்டப்பட்டது. அத்தொகை மக்கள் அடைந்த இழப்புக்கு ஈடாகாது என்பது உண்மையே. எனினும் தென்பகுதியைச் சேர்ந்த ஒருவர் முன்வந்து, வடபகுதிக் கிணறுகளுக்காக, ஆய்வுகூட எண்களைக் கொண்டு நாட்டின் அதியுயர் மன்றில் வாதாட வைத்தமை சிறிய விடயமன்று.

சுன்னாகத்தில் அளவீடு வழக்கைத் தாங்கியது. தவறு காணப்பட்டும், காரணத் தொடர்பை நிறுவ இயலாமையால் வழக்கு வீழ்ந்ததையும் நாம் கண்டிருக்கின்றோம். மருத்துவக் கவனயீனம் தொடர்பில் இலங்கைச் சட்ட வரலாற்றில் பெரிதும் பேசப்படும் வழக்கொன்று 2001ஆம் ஆண்டு உயர் நீதிமன்றத்தில் முடிவுற்றது. மூளைத்தண்டில் கட்டி ஏற்பட்டு இறந்த குழந்தையின் தந்தைக்கு மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா வழங்கியது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தொகையை வெகுவாகக் குறைத்தது. உயர் நீதிமன்றமோ, நோயைக் கண்டறிவதில் ஏற்பட்ட குறைபாடே மரணத்தை விளைவித்தது அல்லது விரைவுபடுத்தியது என்பது நிரூபிக்கப்படவில்லை எனக் கூறி வழக்கைத் தள்ளுபடி செய்தது. அந்தக் கட்டி எவ்வளவு விரைவில் கண்டறியப்பட்டிருந்தாலும் குழந்தை பிழைத்திருக்குமா என்ற வினாவிலேயே அனைத்தும் தங்கியிருந்தது.

இதிலிருந்து பெறவேண்டிய பாடம் தெளிவானது. தவறு நடந்தது என்று நிரூபிப்பது வழக்கின் ஒரு பாதி. அந்தத் தவறுதான் இந்தத் தீங்கை விளைவித்தது என்று நிரூபிப்பது மறுபாதி. சுன்னாகத்திலும் பழைய மின் நிலையத்தின் எண்ணெய்க் கழிவே காரணமாகலாம் என்ற வாதம் எழுந்ததை நினைவுகூர வேண்டும். இரண்டாவது பாதியை நிபுணரின் உதவியின்றிக் கடப்பது பெரும்பாலும் இயலாத காரியம்.

மதிப்பீட்டின் முக்கியத்துவத்தை எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் அனர்த்தம் உணர்த்தியது. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றிய அக்கப்பலில் 1,486 கொள்கலன்கள் இருந்தன. 25 தொன் நைத்திரிக் அமிலமும், ஆயிரக்கணக்கான மைல் பயணிக்கக்கூடிய பிளாஸ்ரிக் மணிகளும் அவற்றில் அடங்கும். நீர்கொழும்பிலிருந்து மேற்குக் கரையோரமெங்கும் கடற்றொழிலாளர் குடும்பங்கள் தொழிலிழந்தன. மீனை வாங்குவதற்கே மக்கள் அஞ்சினர். கடல் சுற்றாடல் பாதுகாப்பு அதிகாரசபை அமைத்த நிபுணர் குழு இழப்பை சுமார் 640 கோடி அமெரிக்க டொலராக மதிப்பிட்டது. பிரதம நீதியரசர் முர்து பெர்னாண்டோ தலைமையிலான ஐவரடங்கிய உயர் நீதிமன்ற அமர்வு, 2025 ஜூலை 24ஆம் திகதி 100 கோடி டொலர் நட்டஈட்டுக்கு உத்தரவிட்டது.

கடலாமையின் உயிருக்கும் பவளப்பாறையின் அழிவுக்கும் ஒரு மீனவரின் வெறுமையான வலைக்கும் விலை நிர்ணயிப்பது எங்ஙனம் என எவரும் கேட்கலாம். அதற்கென முறைகள் உள்ளன. அவை குறைபாடற்றவை அல்ல. ஆயினும் அம்முறைகளைக் கையாளத் தெரிந்த உள்நாட்டு அறிஞர்கள் அன்று இல்லாதிருந்திருப்பின், கப்பல் உரிமையாளரின் காப்புறுதி நிறுவனம் கொண்டுவரும் கணக்கே ஒரே கணக்காக இருந்திருக்கும்.

இனி, நாணயத்தின் மறுபக்கத்தையும் நாம் பார்த்தாக வேண்டும். நிபுணர் தம்மை அழைத்தவரின் ஊதுகுழலாக மாறும் அபாயம் எங்கும் உண்டு. இங்கிலாந்தில் 1999ஆம் ஆண்டு தாயொருவர் தமது இரு குழந்தைகளையும் கொன்றதாகக் குற்றவாளியாக்கப்பட்டார். அத்தகைய குடும்பமொன்றில் இரு குழந்தைகளும் இயற்கையாகத் திடீரென இறப்பதற்கான வாய்ப்பு 7 கோடியே 30 இலட்சத்தில் ஒன்று மாத்திரமே எனப் பிரபல குழந்தை மருத்துவர் ஒருவர் சாட்சியமளித்திருந்தார். அந்தக் கணக்கு அடிப்படையிலேயே தவறானதெனப் புள்ளிவிபரவியலாளர்கள் பின்னர் சுட்டிக்காட்டினர். இன்னொரு நிபுணர் தம்மிடமிருந்த ஆய்வுகூட முடிவுகளை வெளியிடாதிருந்தமையும் தெரியவந்தது. 2003ஆம் ஆண்டு அத்தாய் விடுவிக்கப்பட்டார். மருத்துவர் தமது துறையைத் தாண்டிப் புள்ளிவிபரவியலில் கால்வைத்தமையும் அதை எவரும் தடுக்காமையும் ஒரு வாழ்வையே குலைத்துவிட்டன.

இதனாலேயே நிபுணரின் முதற்கடமை நீதிமன்றத்துக்குரியது, பணம் கொடுத்தவருக்குரியது அன்று என்ற விதியை ஆங்கில நீதிமன்றங்கள் 1993ஆம் ஆண்டின் இகேரியன் ரீஃபர் கப்பல் வழக்கில் தெளிவாக வகுத்தன. தமது கருத்துக்கு எதிரான விடயங்களையும் நிபுணர் மறைக்காமல் கூறவேண்டும். தமது துறைக்கு அப்பாற்பட்ட கேள்வி எழும்போது அதை வெளிப்படையாகச் சொல்லவேண்டும். 2011ஆம் ஆண்டு பிரித்தானிய உயர் நீதிமன்றம் இன்னும் ஒருபடி மேலே சென்று, கவனயீனமாகச் செயற்படும் நிபுணர் மீது அவரை அமர்த்தியவரே வழக்குத் தொடரலாம் எனவும் தீர்த்தது. நமது சட்டத்தரணிகளும் இதைக் கருத்திற்கொள்ள வேண்டும். கட்சிக்காரர் விரும்புவதைச் சொல்லும் நிபுணர் குறுக்கு விசாரணையின் முதல் அரைமணி நேரத்திலேயே வழக்கைக் கவிழ்த்துவிடுவார். கசப்பானதை அறைக்குள் முன்கூட்டியே சொல்லும் நிபுணரே மன்றில் காப்பாற்றுபவர்.

பிரச்சினை இத்துடன் முடிவடையவில்லை. நமது மக்களுக்கு நிபுணர் எட்டாக்கனியாக இருப்பதே எல்லாவற்றிலும் பெரிய தடையாகும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்த தோட்டத்தின் லயன்களை மண்சரிவு மூடியது. ஆபத்துக் குறித்து முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்ததாகக் கூறப்பட்டது. அவ்வாறாயின் அந்த எச்சரிக்கை எவரிடம் கையளிக்கப்பட்டது, மாற்றுக் காணி வழங்கும் பொறுப்பு எவருடையது என்ற வினாக்கள் எழுகின்றன. 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் இழுவைப்படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உயிரிழந்தபோதும் அதேபோன்ற வினாக்களே எழுந்தன. அப்படகு எத்தனை பேரைத் தாங்கக்கூடியது, அதன் சமநிலையை எவரேனும் பரிசோதித்தனரா, எவருடைய அனுமதியுடன் அது இயங்கியது என்பன துறைசார் ஆய்வாளரால் விடை காணப்பட வேண்டியவை. தோட்டத் தொழிலாளியோ கிண்ணியாவின் மீனவரோ தமது செலவில் மண்ணியலாளரையும் கப்பல் பொறியியலாளரையும் அமர்த்துவது நடக்கக்கூடிய காரியமா?

எதிர்த்தரப்பில் நிலைமை வேறு. கம்பனிகளிடம் நிரந்தரப் பொறியியலாளர்களும் காப்புறுதி நிறுவனங்களின் மதிப்பீட்டாளர்களும் உள்ளனர். அரசிடம் திணைக்களங்கள் உள்ளன. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 414ஆவது பிரிவின்கீழ் அரச பகுப்பாய்வாளரின் அறிக்கையை அவரைச் சாட்சியாக அழைக்காமலேயே சான்றாகப் பயன்படுத்தலாம். நடைமுறைக்கு இது வசதியானதே. ஆனால் அரச நிறுவனமொன்றே தவறிழைத்ததாகக் கூறப்படும் வேளையில், அரச ஆய்வுகூடத்தின் அறிக்கையைச் சுயாதீனமாகப் பரிசீலிக்கும் வல்லமை பாதிக்கப்பட்டவருக்கும் இருந்தாக வேண்டும்.

காலமும் ஏழைக்கு எதிராகவே ஓடுகின்றது. அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என அரசியலமைப்பின் 126ஆவது உறுப்புரை விதிக்கின்றது. கவனயீனத்துக்கான நட்டஈட்டு வழக்குக்குக் காலவரையறை இரண்டு ஆண்டுகள். இறந்தவரை அடக்கம் செய்து, காயப்பட்டவரை வைத்தியசாலையிலிருந்து அழைத்துவரும்போதே முதலாவது அவகாசம் முடிந்துவிடுகின்றது. மொழியும் இன்னொரு மதிலாக நிற்கின்றது. தொழினுட்ப அறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ எழுதப்படுகின்றன. தனது கிணற்றைப் பற்றிய அறிக்கையைத் தானே வாசிக்க இயலாதவர் அதை எவ்வாறு கேள்விக்குட்படுத்துவார்?

இவற்றுக்குப் பரிகாரம் காண்பது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. யாழ்ப்பாணம், கிழக்கு, தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களில் பொறியியல், விஞ்ஞானம், விவசாயம், மருத்துவம் கற்பிக்கும் அறிஞர்கள் இருக்கின்றனர். பொதுநல வழக்குகளில் உதவ விரும்புவோரின் பெயர்ப்பட்டியலொன்றைச் சட்டத்தரணிகள் சங்கக் கிளைகள் அவர்களுடன் இணைந்து தயாரிக்கலாம். சட்ட உதவி ஆணைக்குழு சட்டத்தரணியை வழங்குவதுடன் நின்றுவிடாது, பரிசோதனைக்கும் நிபுணருக்கும் ஆகும் செலவையும் தனது உதவிக்குள் சேர்த்துக்கொள்ள வேண்டும். பாதுகாப்புத் தொடர்பான அரச ஆய்வறிக்கை ஒவ்வொன்றும் பாதிக்கப்பட்ட மக்களின் மொழியில், மாதிரி எடுத்த முறையும் அடிப்படைத் தரவுகளும் உள்ளடங்கலாக வெளியிடப்பட வேண்டும். முரண்படும் நிபுணர்கள் விசாரணைக்கு முன்னரே கூடி, எதில் உடன்படுகின்றனர், எதில் வேறுபடுகின்றனர் என எழுத்தில் தரும் முறை பல நாடுகளில் உள்ளது. அதை நமது மன்றங்களும் பரவலாகக் கைக்கொண்டால் ஆண்டுக்கணக்கில் இழுபடும் வழக்குகள் மாதங்களில் தெளிவடையும்.

மக்களுக்கும் ஒரு பங்கு உண்டு. விபத்து நிகழ்ந்த அன்றே திகதியுடன் புகைப்படம் எடுத்தல், உடைந்த பொருளை வீசாது பாதுகாத்தல், செய்த முறைப்பாட்டின் பிரதியை வைத்திருத்தல் என்பன எவராலும் செய்யக்கூடியவை. பள்ளிவாசல் நிர்வாக சபைகளும் ஆலய பரிபாலன சபைகளும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் கடற்றொழிலாளர் சங்கங்களும் அனர்த்த வேளையில் உணவும் உடையும் சேகரிப்பதில் காட்டும் அக்கறையின் ஒரு சிறு பகுதியைச் சான்றுகளைச் சேகரிப்பதிலும் காட்டுமாயின், பின்னர் வரும் நிபுணருக்கு நிற்பதற்கு ஒரு நிலம் கிடைக்கும்.

நட்டஈடு இறந்தவரை மீட்டுத் தராது. ஆனால் தவறுக்கு விலையுண்டு என்பது நிலைநாட்டப்பட்டால் அடுத்த படகு பரிசோதிக்கப்படும். அடுத்த எண்ணெய்த் தாங்கியின் கசிவு அடைக்கப்படும். அடுத்த லயனிலிருந்து மக்கள் மழைக்கு முன்னரே வெளியேற்றப்படுவர். அந்த விலையை மன்றில் நிர்ணயிப்பதற்கு அறிந்தவர்கள் முன்வர வேண்டும். தமது அறிவு பரீட்சை மண்டபத்துக்கும் ஆய்வேட்டுக்கும் மாத்திரம் உரியதல்ல என்பதை நமது பல்கலைக்கழகச் சமூகம் உணருமா? அதற்கான செலவை ஏற்கும் கடப்பாடு தமக்குண்டு என்பதை ஆட்சியாளர்கள் ஒப்புக்கொள்வார்களா? அடுத்த அனர்த்தம் நிகழ்வதற்கு முன்னர் இவற்றுக்கு விடை கிடைக்க வேண்டும் என்பதே எமது எதிர்பார்ப்பாகும்.